பேரன் வரைந்த தியாகராய நகர்: மேலே கடை, அடியில் ஏரி!

“தாத்தா! என் ஆளுக்குக் கண் தெரியவில்லை!”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளே இருந்து பேரன் போட்ட கூச்சலில் காபி வேட்டியில் கொட்டிவிட்டது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடினேன்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேரனும் பேத்தியும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இருந்தார்கள். திரை முழுவதும் ஒரே இருட்டு. கண் தெரியாமல் போனது ஒரு பொம்மைக்கு!

“ஒரு பொம்மைக்குக் கண் தெரியவில்லை என்று ஊரையே கூட்டுகிறாயே!” என்று அதட்டினேன்.

“பொம்மை இல்லை, தாத்தா. அது நான்!” என்றான் பேரன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், “அது நான்” என்று அவன் சொன்ன விதம் மனதில் தைத்தது. அன்று முதல் இரண்டு மாதம், ஞாயிறு தவறாமல் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கே நான் கண்டதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் அல்ல. நாம் குடி இருக்கும் தியாகராய நகரைப் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

மேஜை இல்லாத மேஜை ஆட்டம்

முதலில், இது என்ன ஆட்டம்?

ஐந்தாறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். அவர்தான் ஆட்டத் தலைவர். மற்றவர்கள் கதையில் வரும் ஆட்கள். ஒருவன் வீரன், ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் திருடன். “குகை வாசலில் நிற்கிறீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று தலைவர் கேட்பார். அவரவர் சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். நம் தாயக்கட்டைக்கு நாலு முகம். இவர்களுடைய கட்டைகளில் ஒன்றுக்கு 20 முகம்!

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் இப்படி ஒரு ஆட்டத்தைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அதன் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. உலகம் எங்கும் பரவியது.

மேஜையைச் சுற்றி உட்கார ஆள் வேண்டுமே! ஒருவன் சென்னையில் இருக்கிறான், இன்னொருவன் டொரொண்டோவில் இருக்கிறான் என்றால்? அதற்காக மேஜையையே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ‘ரோல்20’ என்பது 2012-ல் வந்தது. ‘ஃபவுண்ட்ரி’ என்பது 2020-ல் வந்தது. அந்த ஆண்டுதான் ஊரடங்கு. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். என் பேரனும் அப்போதுதான் இதைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை 7 மணி என்றால், சிங்கப்பூரில் இருக்கும் என் இரண்டாவது மகனின் பிள்ளைகளுக்கு இரவு 9½ மணி. டொரொண்டோவில் இருக்கும் என் மகளின் பெண்ணுக்குக் காலை நேரம். பல் துலக்கிவிட்டு வந்து உட்காருகிறாள். ஒன்றை மறைக்காமல் சொல்லுகிறேன். இந்த ஆட்டம் வருவதற்கு முன் அந்தப் பெண் என்னோடு போனில் பேசினால், “சாப்பிட்டீர்களா, தாத்தா?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இராது.

கோலமும் கட்டமும்

மேஜையில் ஒரு வரைபடம் இருக்கும். காடு, கோட்டை, தெரு, வீடு எல்லாம் அதில் இருக்கும். படம் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு இருக்கும். ஒரு கட்டம் 5 அடி என்பது வழக்கம். நம் கோலத்துக்குப் புள்ளி எப்படியோ, இதற்குக் கட்டம் அப்படி.

அந்தப் படம் ஒரே படம் அல்ல. அடுக்கு அடுக்காக இருக்கிறது. அடியில் தரை. அதன் மேல் மரம், மேஜை, கிணறு என்று துண்டுத் துண்டுப் படங்கள். இவற்றை ‘டைல்’ என்கிறார்கள். அதற்கு மேல் காய்கள். அவைதான் ஆட்கள். தலைவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் அடுக்கு ஒன்று உண்டு. மறைந்து இருக்கும் திருடன், புதைத்து வைத்த புதையல் எல்லாம் அதில் இருக்கும். தலைவர் பார்ப்பார், ஆடுகிறவர்கள் பார்க்க முடியாது.

டைலைக் கட்டத்தோடு சரியாகப் பொருத்த வேண்டும். கால் கட்டம் தப்பினாலும் போச்சு. புள்ளி தப்பிய கோலம் மாதிரி எல்லாம் கோணிக்கொள்ளும். ஆள் பாதி சுவருக்கு உள்ளே நிற்பான்!

அடுக்கு மாறினாலும் ஆபத்துதான். என் வேட்டியில் காபி கொட்டிய அன்று என்ன நடந்தது தெரியுமா? பேரன் தன் காயைத் தவறிப்போய்த் தரை அடுக்கில் வைத்துவிட்டான். தரை அடுக்கில் வைத்தால் காய் காய் ஆகாது. அதுவும் தரையில் வரைந்த படம் ஆகிவிடும். நகராது. பார்க்காது. அதனால்தான் கண் தெரியவில்லை.

சுவர் இருக்கிறது, ஆனால் இல்லை!

இனிமேல்தான் எனக்கு ஆச்சரியமான விஷயம் வருகிறது.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு காய்க்கும் தனித்தனிப் பார்வை உண்டு. வீரன் அறைக்கு உள்ளே நின்றால் அறை மட்டும் தெரியும். வெளியே இருப்பது இருட்டு. கதவைத் திறந்தால், கதவின் அகலத்துக்குத் தக்கபடி ஒரு விசிறி மாதிரி வெளிச்சம் விரியும். இரண்டு அடி தள்ளி நின்றால் விசிறியும் திரும்பும். வைத்தியச்சி அடுத்த அறையில் இருந்தால் அவளுக்குத் தெரிவது வேறு. ஒரே படம்தான். ஆனால், சென்னையில் இருப்பவன் பார்ப்பது ஒன்று. டொரொண்டோவில் இருப்பவள் பார்ப்பது இன்னொன்று.

எப்படி என்று கேட்டேன். பேரன் சொன்னான். காயின் இடத்தில் இருந்து ஒவ்வொரு சுவரின் முனைக்கும் கம்ப்யூட்டர் ஒரு கோடு இழுக்கிறது. கோடு சுவரில் முட்டினால் அதற்கு அப்பால் இருட்டு. முட்டாவிட்டால் தெரியும். இதுதான் பார்வைக் கோடு.

“சரி, சுவர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? படத்தில் பார்த்துக்கொள்ளுமா?” என்று கேட்டேன்.

பேரன் சிரித்தான். “படத்தில் இருக்கும் சுவர் அதற்குத் தெரியாது, தாத்தா. அது வெறும் கலர். நாம்தான் அதன் மேல் தனியாகக் கோடு போட வேண்டும்” என்றான்.

பாருங்கள்! எவ்வளவு பெரிய கோட்டையை வரைந்து வைத்தாலும் கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றை அந்தச் சுவரின் மேல் யாராவது போட வேண்டும். அப்போதுதான் சுவர் சுவர் ஆகும். போட மறந்தால், ஆட்கள் கல் சுவருக்கு ஊடே பார்ப்பார்கள், நடந்தும் போவார்கள்!

மூலையில் இரண்டு கோடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் அதன் வழியே வெளிச்சம் கசியும். பக்கத்து அறையில் ஒளிந்து இருக்கும் திருடன் ஒரு கீற்றாகத் தெரிந்துவிடுவான். அன்றைக்கு ஆட்டம் முடிந்தது! கொத்தனார் பூச்சு வேலை சரியாக இல்லாத வீட்டில் மழைக்கு என்ன ஆகுமோ, அதே கதைதான்.

ஜன்னலுக்கு ஒரு கோடு உண்டு. அதன் வழியே பார்க்கலாம், போக முடியாது. திரைச்சீலைக்கு ஒரு கோடு உண்டு. அதன் வழியே போகலாம், பார்க்க முடியாது. கூரைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. தெருவில் நிற்பவனுக்குக் கூரை தெரியும். அவன் வீட்டுக்குள் நுழைந்தால் கூரை மறைந்து உள்ளே இருக்கும் சாமான் தெரியும்.

மாயா பஜாரை நாம் 1957-ல் வாய் பிளந்து பார்த்தோம். அதில் மார்கஸ் பார்ட்லி செய்த தந்திரக் காட்சிகளை இன்னும் பேசுகிறோம். அந்தப் படம் எடுத்த வடபழனி இங்கிருந்து கூப்பிடு தூரம். இன்று நம் வீட்டுப் பையன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படத்தின் மேல் படம் அடுக்குகிறான். “எந்நேரமும் கம்ப்யூட்டர்!” என்று திட்டுகிறோம்.

ஒளித்து ஆடும் ஆட்டம்

நம் பழைய ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஆடு புலி ஆட்டம், தாயம், பல்லாங்குழி, பரமபதம், சதுரங்கம். இவற்றில் ஒளிவு மறைவே இல்லை. என் காயை நீ பார்க்கிறாய். உன் காயை நான் பார்க்கிறேன். புலி எங்கே நிற்கிறது என்று ஆட்டுக்குத் தெரியும். நிஜக் காட்டில் அப்படியா?

இந்தக் குறையை ஐரோப்பாவில் ஒரு தந்தையும் மகனும் தீர்த்தார்கள். இன்று ஜெர்மனியாக இருக்கும் பகுதியில் அன்று பிரஷ்யா என்ற ராஜ்யம் இருந்தது. அங்கே ரைஸ்விட்ஸ் என்பவர் போர் ஆட்டத்துக்காக ஒரு மேஜை செய்து, 1812-ல் அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்குக் கொடுத்தார். மேடு, ஆறு, காடு, ஊர் எல்லாம் தனித்தனிச் சதுர வில்லைகளாக இருந்தன. வேண்டியபடி மாற்றி அடுக்கலாம். இன்றைய டைலுக்கு அதுதான் தாத்தா!

அவருடைய மகன் ராணுவ அதிகாரி. அவர் 1824-ல் அந்த ஆட்டத்தைத் திருத்தி வெளியிட்டார். வில்லைக்குப் பதில் காகித வரைபடம் வந்தது. நடுவில் ஒரு நடுவர் வந்தார். எதிரியின் படையில் எது உன் படையின் கண்ணுக்குப் படுமோ, அதை மட்டுமே நடுவர் வரைபடத்தில் வைப்பார். மற்றதை மறைத்துவிடுவார். தளபதிகளுக்கு இப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

நடுவர் செய்த அந்த வேலையைத்தான் இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

பரங்கிமலையில் தொடங்கிய கோடு

பார்வைக் கோடு என்பது சென்னைக்குப் புதிது அல்ல. வேடிக்கை என்ன என்றால், இந்தியாவின் மாபெரும் பார்வைக் கோடே நம் ஊரில்தான் தொடங்கியது.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி பரங்கிமலைக்குப் பக்கத்தில் சங்கிலியைப் பிடித்து அளக்க ஆரம்பித்தார். தெற்கே சுமார் 7½ மைல் நீளம். அந்த ஒரு கோட்டை மட்டும் தரையில் அளந்தார்கள். பிறகு அதன் இரண்டு முனையில் இருந்தும் தூரத்தில் ஒரு மேட்டைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். முக்கோணம் கிடைத்தது. முக்கோணத்தின் மேல் முக்கோணம். இப்படியே இந்தியா முழுவதையும் அளந்தார்கள். இமயமலைச் சிகரத்தின் உயரம் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த வேலையின் தொடர்ச்சிதான்.

கோணம் எடுக்கும் கருவி அரை டன் எடை! இரண்டு உயரமான இடங்கள் ஒன்றை ஒன்று பார்க்க வேண்டும். நடுவில் மரம் நின்றால் தெரியாது. மேடு நின்றால் தெரியாது. சோழநாடோ சமவெளி, மலை கிடையாது. ஆகவே கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவியை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. கருவி மோதி நசுங்கியது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்து இருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, வாரக்கணக்கில் தம் கையாலேயே அதைத் தட்டிச் சரி செய்தார்.

பேரனிடம் இதைச் சொன்னேன். “அவருக்கு யார் தாத்தா சுவர்க் கோடு போட்டுக் கொடுத்தார்கள்?” என்று கேட்டான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

எங்கள் தெரு வரைபடம் ஆகிறது

கோட்டையும் குகையும் எனக்கு அலுத்துவிட்டது. யாரோ வெள்ளைக்காரன் ஊர்க் கோட்டை. “ஏண்டா, நம் தியாகராய நகரைப் போடேன்!” என்றேன்.

விளையாட்டாகச் சொன்னேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வாரம் வேலை நடந்தது. பேத்தி நோட்டும் பென்சிலுமாக ரங்கநாதன் தெருவுக்குப் போய் எந்தக் கடைக்கு எத்தனை வாசல் என்று குறித்துக்கொண்டு வந்தாள்.

தியாகராய நகரை ஒரே தட்டில் வரைய முடியவில்லை! அதுவே அடுக்கடுக்கான ஊர் அல்லவா? பனகல் பூங்காவின் அடியில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். துரைசாமி சுரங்கப்பாதை ரயில் தண்டவாளத்துக்குக் கீழே போகிறது. அதற்கு மேல் தெரு. தெருவுக்கு மேல் உஸ்மான் சாலை மேம்பாலம். 2023 மே மாதத்தில் திறந்த ஆகாய நடைபாதை, மாம்பலம் ரயில் நிலையத்தில் இருந்து பஸ் நிலையம் வரை சுமார் 570 மீட்டர் தலைக்கு மேலே போகிறது.

மேம்பாலத்தை டைலாக வைத்தால் பாலத்தின் கீழே நிற்பவன் மறைந்துபோகிறான். கீழே வைத்தால் பாலத்தின் மேல் போகிறவன் தெருவில் போவதாக ஆகிறது. பேரன் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில் மேல் தட்டுக்கு ஒரு படம், கீழ்த் தட்டுக்கு ஒரு படம் என்று பிரித்தான். படியில் ஏறினால் காயை மேல் படத்துக்கு மாற்ற வேண்டும். கொஞ்சம் இடைஞ்சல்தான். ஆனால் பொய் இல்லை.

ரங்கநாதன் தெருவில் ஒரு விஷயம் நடந்தது. தீபாவளிக் கூட்டம் என்று வைத்துக்கொண்டு, ஆட்களை எல்லாம் சுவர் மாதிரிக் கோடு போட்டு நிறுத்தினாள் பேத்தி. நடுவில் ஒரு சிறு குழந்தையின் காய். குழந்தையின் கண்ணால் பார்த்தால் திரையில் என்ன தெரிகிறது? நான்கு பக்கமும் ஒரே கட்டம். அவ்வளவுதான். அம்மா மூன்று கட்டம் தள்ளி நிற்கிறாள். அம்மாவுக்குப் பெரிய ஆளின் உயரம் கொடுத்து, கூட்டத்துக்கு மேலே பார்க்க விட்டால், தெரு முழுவதும் தெரிகிறது. கீழே இருக்கும் குழந்தை மட்டும் தெரியவில்லை.

என் மருமகள் அதுவரை இந்த ஆட்டத்தை எட்டிக்கூடப் பார்த்தது இல்லை. கையில் கரண்டியோடு வந்து நின்றாள். அந்தத் திரையைப் பார்த்தாள். “இந்தப் பிள்ளை நாலு வயதில் தொலைந்தாளே, அதே இடம்!” என்றாள். பேத்தியை அரைமணி நேரம் தேடிக் கண்டுபிடித்த நாள் அது. கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாளாம். மாற்றிப் பிடிக்கப் போன ஒரு நொடியில் காணோம். “நான் இங்கேதானே இருந்தேன், என்னைப் பார்க்காமல் எங்கே போனாய் என்று என்னைக் கேட்டாளே!” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தீபாவளி சமயத்தில் போலீசார் அங்கே கண்காணிப்புக் கோபுரம் கட்டி, மேலே இருந்து பார்க்கிறார்கள். நல்ல காரியம். மேலே இருந்து பார்த்தால்தான் சந்து பொந்து தெரியும். ஆனால், குழந்தையோடு கடைக்குப் போகும் தாய்மார்களே, ஒரே ஒரு தடவை அதன் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். சேலைத் தலைப்பும் துணிப்பையும் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

அடியில் இருந்த நீலம்

இப்போது சண்டைக்கு வருகிறேன். எனக்கும் பேரனுக்கும் நடந்த சண்டை.

தியாகராய நகரின் பழைய வரைபடத்தை இன்டர்நெட்டில் தேடி எடுத்தான் பேரன். ஊர் உருவாவதற்கு முந்திய படம். அதைப் புதுப் படத்தின் அடியில் வைத்துப் பொருத்த வேண்டும். எதைக் கொண்டு பொருத்துவது? மாறாத இடம் இரண்டாவது வேண்டுமே! மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளம் ஒன்று. சைதாப்பேட்டைப் பாலம் இன்னொன்று. அந்த இடத்தில் 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் கைப்பணத்தில் பாலம் கட்டினார். பாலம் புதிதாகிவிட்டது. இடம் மாறவில்லை.

இரண்டும் பொருந்தியதும், மேல் படத்தைப் பாதி மங்கலாக்கினான்.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை, பாம்பு மாதிரி நீளமாக ஒரு நீலம் கிடந்தது. ஏரி! மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்றார்கள். இரண்டையும் சேர்த்து ‘நெட்டேரி’ என்று பொருள்படும்படி வெள்ளைக்காரர்கள் ஒரு பெயர் வைத்து இருந்தார்கள். அந்த நீலத்துக்கு மேல் நம் நகைக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை!

1920-களில் ஏரியை வடித்தார்கள். மேடாக்கினார்கள். மனை போட்டார்கள். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் 1925-ல் காலமானார். அவர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அன்று அதைச் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஊர் பெருகியது. குடி இருக்க வீடு வேண்டும். அகலமான தெரு போட்டார்கள். நடுவில் பூங்கா வைத்தார்கள். பனகல் பூங்காவில் காற்று வாங்கிய நான் அவர்களைத் திட்டினால் நன்றி கெட்டவன் ஆவேன்.

ஏரி பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’. ஏரி தெரியும் சாலை! அங்கே நின்றுகொண்டு நான்கு பக்கமும் பார்த்தேன். ஏரிதான் தெரியவில்லை.

பேரன் இந்த ஏரியை எங்கே வைத்தான் தெரியுமா? தலைவர் மட்டும் பார்க்கும் அடுக்கில் வைத்தான்! மழை இரவு என்பது கதை. ரங்கநாதன் தெருவில் சிக்கிக்கொண்டவர்களைக் காப்பாற்ற வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கும் என்பது தலைவருக்கு மட்டும் தெரியும். ஆடுகிறவர்களுக்குத் தெரியாது.

“எல்லோருக்கும் காட்டு” என்றேன் நான்.

“காட்டினால் ஆட்டம் எங்கே இருக்கிறது, தாத்தா? தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால்தானே ஆட்டம்?” என்றான் அவன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினாலு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு கோபப்பட்டு இருக்க வேண்டாம்.

ஏன் கோபம் வந்தது? எங்களுக்கு நடந்தது அதுதான்! இந்த அடுக்கு மாடி வீட்டைக் கீழ்த் தளத்தில் நான் வாங்கினேன். வாழ்நாள் சேமிப்பு. விற்றவர் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். மார்பிள் தரையைக் காட்டினார். பூஜை அறை எந்தத் திசை என்று காட்டினார். அடியில் இருந்ததைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. 2021 நவம்பரில் மழை பெய்தது. தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது. எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு. என் மனைவியின் புடவைப் பெட்டி, கல்யாண போட்டோ, என் புத்தகங்கள் எல்லாம் ஊறிப் போயின. புத்தகம் போனால் வாங்கலாம். போட்டோவை எங்கே போய் வாங்குவது?

ஏரி இருந்தது அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது. நில அளவைப் படத்தில் இருக்கிறது. படித்தவர்கள் எழுதிய சரித்திரத்தில் இருக்கிறது. ஆனால், வீடு வாங்குகிறவன் கண்ணில் படும் இடத்தில் இல்லை. தலைவர் அடுக்கில் இருக்கிறது. காய்களின் அடுக்கில் இல்லை.

தண்ணீருக்குச் சுவர்க் கோடு யாரும் போடவில்லை. அது தன் பழைய இடத்துக்கு வருகிறது. வள்ளுவர் கோட்டம் பக்கம் இருந்து தியாகராய நகர் வழியாக நந்தனம் போய் அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்தான் அதற்கு வழி. அந்த வழியில் குப்பையும் கட்டட மண்ணும் போய் அடைத்தால் என்ன செய்யும்? கூடத்துக்கு வரும்!

நான் கேட்பது இதுதான்

பனகல் பூங்காவில் ஒரு பலகை வையுங்கள். இன்றைய தியாகராய நகர் ஒரு படம். அதன் அடியில் ஏரி. இரண்டையும் ஒன்றாகக் காட்டும்படி, படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி நீலத்தில் போடுங்கள். “நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்” என்று ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பள்ளிக்கூடச் சுவர்களில் அதை மாட்டுங்கள்.

பத்திரம் பதியும்போது வில்லங்கம் பார்க்கிறோம். யார் யாருக்கு விற்றார், எந்த பாங்கியில் அடமானம் என்று பார்க்கிறோம். அந்த இடம் முன்னே குளமா, வாய்க்காலா, மேடா என்று ஒரு தாள் அதோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மனை விலை குறையும் என்பார்கள். குறையட்டுமே! தெரிந்து வாங்குகிறவன் தரையை உயர்த்திக் கட்டுவான். கீழே கார் விட்டு மேலே குடி இருப்பான். நான் தெரியாமல் வாங்கினேன்.

இது வளர்ச்சிக்கு விரோதமான பேச்சு அல்ல. மேம்பாலம் வேண்டும், மெட்ரோ வேண்டும், 2019-ல் பாண்டி பஜாரில் போட்ட அகல நடைபாதை வேண்டும். அதில் நானே மாலையில் நடக்கிறேன். மேலே எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அடியில் இருப்பதை மறைக்காதீர்கள்.

சில பெற்றோர்கள் கேட்பார்கள்: “கண் கெடாதா? பரீட்சை கெடாதா? செலவு ஆகாதா?” செலவைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் அடிப்படை ஆட்டம் இலவசம். மற்றொன்றில் ஆட்டத்தை நடத்துகிறவர் ஒருவர் ஒரு தடவை விலை கொடுத்தால் போதும். மற்றவர்கள் சும்மா சேர்ந்துகொள்ளலாம். கண்ணுக்கும் பரீட்சைக்கும் எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்து இருக்கிறோம். மூன்றாவது மணி நேரம் கேட்பான். கொடுக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர்களோடு ஆட விடவும் கூடாது. அண்ணன் தம்பி, அத்தை பிள்ளை, பள்ளித் தோழன் என்று தெரிந்தவர்களோடு ஆடட்டும். நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். கொஞ்ச நாள் முறைப்பார்கள். பிறகு நமக்கே ஒரு காய் கொடுத்துவிடுவார்கள். என் காய்க்குத் தாடி வைத்து, கையில் குடை கொடுத்து இருக்கிறார்கள்.

போன ஞாயிறு அந்த மழை ஆட்டம் நடந்தது. பேரன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை ‘உம்’ என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். சிங்கப்பூர்க்காரன் காய் ரங்கநாதன் தெருவில் போய்ப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. டொரொண்டோப் பேத்தி ஆகாய நடைபாதையில் ஏறித் தப்பிவிட்டாள்.

“இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, தாத்தா?” என்று அங்கே இருந்து கேட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பேரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, ஒரு பொத்தானைத் தட்டினான். தலைவர் அடுக்கில் இருந்த ஏரி எல்லோருடைய திரையிலும் வந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

“நம் வீடு எங்கே?” என்றாள் டொரொண்டோக்காரி. அவள் பிறந்தது அங்கே என்றாலும், நம் வீடு என்றுதான் சொன்னாள்.

பேரன் நீலத்தின் நடுவில் ஒரு சின்ன வீட்டைக் காட்டினான்.

“கரையில் இருந்து எத்தனை கட்டம்?”

இங்கே இருந்த பேத்தி திரையில் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். நாற்பதாவது கட்டம் வரும்போது, சாப்பிட வரச்சொல்லி மருமகள் உள்ளே இருந்து கூப்பிட்டாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.